அப்பாவின் நாலு கரண்டிச் சோறு

நிலக்கடலை வறுக்கிற வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு எங்கள் ஆமத்தூர் வீட்டுச் சமையலறைதான் ஞாபகத்துக்கு வருகிறது. இரும்புச்சட்டியில் கடலைத் தோல் படபடவென்று வெடிக்கும். என் துப்பட்டாவில் பிரஸ்ஸிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மை வாடை வேறு...

நேற்று நம் குரூப்பில் ஒரு தோழி, "மாமியார் ரெண்டு வாய்க்கு மேல சாப்பிட மாட்டேங்குறாக, என்ன செய்ய?" என்று கேட்டிருந்தாள். அதைப் படித்ததும் இதையெல்லாம் எழுதத் தோன்றியது.

பல வருஷத்துக்கு முன்பு நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அச்சாகி வரும் தாள்களைச் சரிபார்க்கிற வேலை. ஆர்டர் குவிகிற சீசன். அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு நிமோனியா வந்தது.

பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு, விடிவதற்குள் காட்டில் நிற்கிற மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவருடைய சட்டை அவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் போய்விட்டது. பசி மட்டும் திரும்பி வரவில்லை.

இருமி இருமி, வெகுநாளாக இருந்த குடலிறக்கம் பெரிதாகியிருந்தது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். ஆனால் டாக்டர் என்னையும் அம்மாவையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இந்த உடம்பு ஆபரேஷன் தாங்காது. கொஞ்சமாவது எடை ஏறட்டும். அதுக்காக ரொம்பத் தள்ளிப்போடவும் முடியாது, குடல் எப்ப வேணாலும் சிக்கிக்கலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாட்ட சொல்லிராத தாயி. பயந்துருவாக."

அம்மாவுக்குத் தெரிந்த பத்தியம் தண்ணியாகக் கஞ்சி, மிளகு ரசம், பிரெட். அப்பா ஒரு டம்ளர் கஞ்சியைக் குடித்ததும் "வயிறு நெறஞ்சுருச்சு" என்று படுத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அளவைக் கூட்டாதீங்க அக்கா. அவரு சாப்பிடுற அந்த நாலு கரண்டிக்குள்ள சத்தைக் கூட்டுங்க. தண்ணிக் கஞ்சியில வயிறு நெறஞ்சா மத்ததுக்கு எடம் ஏது?"

அன்றிலிருந்து கஞ்சி தண்ணீரில் வேகவில்லை, பாலில் வெந்தது. அதில் வறுத்த கடலைப்பொடியும் கருப்பட்டியும். பாலிலேயே ரெண்டு ஸ்பூன் பால் பவுடர். குழைந்த பருப்புச் சோற்றில் நெய், இட்லிப்பொடியில் நல்லெண்ணெய் மிதக்கும். ரசமும் தண்ணீரும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். மூன்று வேளை என்பது போய், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ஒரு சின்னக் கிண்ணம்.

அம்மாவுக்கு மனசே இல்லை. "காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச ஒடம்புக்கு நெய்யும் எண்ணெயுமா? செரிக்குமாடி?" என்று கேட்டுக்கொண்டேதான் ஊற்றுவார்.

கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"போதும்னா விடுங்களேன். சந்தைக்கு ஓட்டப்போற கெடாய்க்கு வைக்கிற மாதிரி வச்சுக்கிட்டே இருக்கீக."

கத்தவில்லை. சோர்ந்துபோன குரல். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தரையில் சிந்திய கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு, இனியும் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதான் விசயமா?"

"ஆமாப்பா. நீங்க பயந்துருவீகன்னு அம்மா..."

"பயந்தா பயந்துட்டுப் போறேன். எதுக்குன்னே தெரியாம திணிச்சா எப்படித்தா எறங்கும்?"

கிண்ணத்தை அவரே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பசிக்காட்டி என்ன. எல்லா நாளும் பிடிச்சா காட்டுக்குப் போனோம்? இதையும் வேலைன்னு நெனச்சுத் தின்னுட்டுப் போறேன்."

அப்படித்தான் சாப்பிட்டார். கரண்ட் வரும் நேரத்துக்குக் கிணற்று மோட்டார் போடப் போகிற ஆள் மாதிரி கடிகாரத்தைப் பார்த்து எழுந்து உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். ருசிக்கிறதா என்று கேட்டால் அடுத்த வாயை எடுப்பார். அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "என் வாயவே பாக்காத. நீயும் உக்காந்து தின்னு."

அப்போதுதான் நான் கவனித்தேன். அத்தனை நாளும் அம்மாவும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. அவருக்கும் கன்னம் ஒட்டித்தான் போயிருந்தது. அதன்பிறகு ரெண்டு பேரும் எதிரெதிரே கிண்ணத்தை வைத்துக்கொண்டு, மழை வருமா வராதா என்று பேசியபடி சாப்பிடுவார்கள்.

எடை பார்க்கக் கமிஷன் கடைக்குக் கூட்டிப்போவேன். பருத்தி மூட்டை நிறுக்கிற தராசு. அப்பா அதில் ஏறி நின்று, "நம்மளையும் ஒரு மூட்டையாப் போட்டுப் பாருப்பா" என்பார். முதல் தடவை முள் ஆஸ்பத்திரியில் பார்த்த எடையிலேயே நின்றது. ரெண்டாவது தடவை கொஞ்சம் ஏறியிருந்தது. நானும் கடைக்காரரும் குனிந்து குனிந்து பார்த்தோம். பொங்கலுக்குப் பிறகு டாக்டர் தேதி கொடுத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தியேட்டருக்கு உள்ளே போகும்போது அவர் பயந்திருந்தார். என் விரலைக் கெட்டியாகப் பிடித்திருந்தார், அதை மறைக்கவும் இல்லை. பசி எப்போது திரும்பி வந்தது என்று எங்கள் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருநாள் கருவாட்டுக் குழம்பில் உப்பு குறைச்சல் என்று அம்மாவோடு சண்டை போட்டார். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது மருந்துக்கடையில் விதவிதமாகச் சத்துமாவு டப்பா கிடைக்கிறது. போனைத் திறந்தால் ஆயிரம் பேர் சமையல் சொல்கிறார்கள். தோழிக்கு நான் சொன்னது ரெண்டுதான். கிண்ணத்தைச் சின்னதாக்கு. எதற்காகச் சாப்பிடச் சொல்கிறாய் என்பதை அவரிடமே சொல்லு.

அப்பாவுக்கு இப்போது சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கிறது. நெய் டப்பாவை அம்மா பரணில் ஏற்றிவிட்டார்.

இன்று மத்தியானம் அப்பாவிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"வரும்போது காராச்சேவு கால் கிலோ வாங்கிட்டு வா தாயி. அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

நூறு கிராம்தான் வாங்கியிருக்கிறேன். திட்டுவார்... திட்டட்டும்.