சுக்கான் பிடித்த அகராதி

வீட்டுக்காரர் முதல் கீழ்வாசல் வாட்ச்மேன் வரை எல்லாரும் அவளை ‘அகராதி’ என்றுதான் கூப்பிட்டார்கள். தொழிலால் பாதி, வாயால் பாதி வந்த பெயர். ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது அவள் பிழைப்பு. டிராக்டர், பம்ப்செட், வாஷிங் மெஷின் என்று எதன் கையேடு வந்தாலும் சாப்பாட்டு மேஜை மூலையில் உட்கார்ந்து முடித்துத் தள்ளிவிடுவாள்.

அந்த வருடம் ஏரிக்கரைப் படகு கிளப்பின் பெண்கள் அணிக்கு ஸ்பானிஷ்காரர் ஒருவர் பயிற்சியாளராக வந்தார். அவருக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. அணியில் எட்டுப் பேரும் மாநிலத்துக்கு ஒருத்தி. அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஆங்கிலம் ஒன்றுதான். அவர் எழுதிய பயிற்சிக் கையேடு அகராதியிடம் வந்தது.

“துடுப்புப் போடுறதுல அப்படி என்ன பெரிய வார்த்தை இருந்துடப் போகுது?” என்று கணவரிடம் சொல்லிவிட்டு, முதல் அத்தியாயத்தை மளமளவென்று முடித்து அனுப்பினாள்.

மறுநாளே அணித் தலைவியான தமிழ்ப் பெண்ணிடமிருந்து போன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மண்வெட்டியைத் தண்ணிக்குள்ள இறக்கணும்னு போட்டிருக்கீங்க. எங்க படகுல மண்வெட்டி ஏதுக்கா?”

அகராதிக்கு முகம் சுண்டிப்போனது. மூலத்தில் இருந்த சொல் ‘பாலா’. பண்ணைக் கருவிக் கையேடுகளில் அதை மண்வெட்டி என்று எழுதியெழுதிப் பழகிய கை. படகில் அதுவே துடுப்பின் தட்டையான நுனி என்பது அந்த வேகத்தில் உறைக்கவில்லை.

எலக்ட்ரீஷியனான கணவர் வயரைச் சுருட்டிக்கொண்டே, “வீட்டைப் பார்க்காம நான் வயரிங் போடுவேனா? போய்ப் படகைப் பாரு” என்றார்.

அவள் பார்ப்பதோடு நிற்கவில்லை. படகின் பின்முனையில் சுக்கான் பிடித்துக் குரல் கொடுக்கும் இடம் காலியாக இருந்தது. பழைய ஆள் வேலை மாறிப் போய்விட்டாள். ஒல்லியான ஆளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“நான் உக்காரட்டுமா?” என்று அகராதி கேட்டாள். ஒல்லிதான் என்றாலும் ஐம்பதை நெருங்கும் பெண்மணி கேட்ட கேள்வியில் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பயிற்சியாளர் மட்டும் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

அவர் மோட்டார் படகில் கூடவே வந்து ஸ்பானிஷில் கத்துவார். அவள் அதை ஆங்கிலத்தில் கத்த வேண்டும். முதல் நாள் பாலத்தை நெருங்கும்போது “சியார்!” என்று அலறினார். துடுப்பை இழுக்காமல் எதிர்ப்பக்கம் தள்ளிப் படகைப் பின்னுக்குச் செலுத்தும்படி அவள் இலக்கண சுத்தமாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாள். வாக்கியம் முடிவதற்குள் படகு தூணில் இடித்தது.

“அக்கா, தூண் நகராதுக்கா. சுருக்கமா சொல்லுங்க!” என்றாள் தலைவி.

அகராதிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் அதே இடத்தில் “பேக் டவுன்!” என்று ஒரு குரல்தான் கொடுத்தாள். எட்டுத் துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரைத் தள்ள, படகு அடங்கிப் பின்வாங்கியது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அதன்பிறகு காலையில் ஏரியில் கத்திப் பார்த்துச் செல்லுபடியான சொல்லைத்தான் மதியம் கையேட்டில் ஏற்றினாள். வாய்க்கு வராத சொற்களை ஈவிரக்கமின்றி வெட்டினாள். பாத்திரம் தேய்க்கும்போதும் ஒத்திகை நடந்தது. ஒருநாள் மாடி வீட்டுக்காரர் ஓடிவந்து, “யாராவது முழுகிட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

போட்டி நாளில் பாதித் தூரத்தில் அவர்கள் படகு ஒரு படகு நீளம் பின்தங்கிவிட்டது. பதற்றத்தில் பெண்கள் குட்டைக் குட்டையாகத் துடுப்புப் போட்டார்கள். கரையோரம் சைக்கிளில் வந்த பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார். காற்றில் அவளுக்கு எட்டியது ஒரே சொல்: “லார்கோ!”

யோசிக்கவே இல்லை. “லெங்தன்!” என்றாள்.

எட்டு முதுகும் எட்டி நீண்டன. வீச்சு நீளமாயிற்று, படகு சீறியது. பக்கத்துப் படகின் சுக்கான்காரி முதலில் கண்ணில் பட்டாள், பிறகு அதன் துடுப்புக்காரிகள் ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள். “லெங்தன்! லெங்தன்!” மூக்குநுனி வித்தியாசத்தில் அவர்கள் எல்லைக் கோட்டை முதலில் தாண்டினார்கள்.

கரையில், நாலு பேர் நடுவே வாயே திறக்காத கணவர், “அது என் பொண்டாட்டிங்க! என் பொண்டாட்டி!” என்று முன்பின் தெரியாதவர்களின் தோளையெல்லாம் உலுக்கிக்கொண்டிருந்தார். தோற்ற அணியின் பயிற்சியாளர் கையேட்டு விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்து, அது தங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டார்.

பதில் சொல்ல அகராதி வாயைத் திறப்பதற்குள் எட்டுப் பெண்களும் அவளை அலாக்காகத் தூக்கினார்கள். ஜெயித்தால் சுக்கான் பிடித்தவரை ஏரியில் போடுவது படகுக்காரர்கள் வழக்கமாம். தொபுக்கடீர் என்று விழுந்து, தலையெல்லாம் பாசியோடு மேலே வந்தவள், தண்ணீரைத் துப்பிவிட்டு அடக்க மாட்டாமல் சிரித்தாள்.

“அடிப்பாவிங்களா! இதைக் கையேட்டுல யாருமே எழுதலையேடி!”