கார்டு என்ற சொல்லும் என் மதில் சுவரும்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பட்டினச்சேரியில் மீன் கூடை சுமந்தவன், இரண்டாயிரத்துக்குப் பிறகு காரைக்காலில் ஐஸ் பிளாண்டும் மாடி வீடும் கட்டினேன். வீட்டு கேட்டில் காவலுக்கு ஆள் போட்டு, அவன் சட்டையில் காவலாளி என்பதற்கு இங்கிலீஷில் 'கார்டு' என்று எழுதவும் வைத்தேன். தெருவே பார்த்தது.

பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"முதலாளி, அது இங்கிலீஷ்காரன் எங்ககிட்டேருந்து எடுத்துக்கிட்ட வார்த்தை. பிரெஞ்சுல 'கார்தே'. காவல் காக்குறதுன்னும் அர்த்தம், தன்கிட்டயே வெச்சுக்குறதுன்னும் அர்த்தம்."

"அப்படியாண்ணே! இன்னும் சொல்லுங்க" என்றாள் என் மனைவி. ஐஸ் பிளாண்டு திறந்த அன்றுகூட அவள் முகம் அப்படி மலர்ந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நான் கட்டிய வீட்டில் நின்றுகொண்டு அவர் பேச்சைக் கேட்கிறாளே!

மறுவாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு மதிலை நாலடி உயர்த்தினேன். அந்த மனிதரின் தலைகூடத் தெரியவில்லை. பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மனைவி சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இது காவலுக்கா, இல்ல என்னை உள்ளயே வெச்சுக்குறதுக்கா?"

அவர் சொன்ன இரண்டு அர்த்தத்தையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.