பிடித்துக்கொள்ள ஒரு பொட்டலம் தேநீர்

எங்கள் மலையூரான ரிங்லெட்டின் குளிரில் காலையில் என் விரல்கள் மரத்துப்போகும். பள்ளியின் ஒத்திகைத் தேர்வில் வேகமாக எழுதினால் எழுத்து கோழிக் கிறுக்கலானது. நிதானமாக எழுதினால் கட்டுரை பாதியில் நின்றது. அன்று பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழ்க் கட்டுரைத் தேர்வு. தேயிலைத் தோட்டத்து லோரியிலிருந்து இறங்கியபோது பேனா மூடியைக்கூட என்னால் திறக்க முடியவில்லை.

பள்ளிக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாய் அதைப் பார்த்துவிட்டார். அதற்குமுன் நாங்கள் பேசியதே இல்லை. கொதிக்கும் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நீட்டினார். நான் ஸ்ட்ரா தேடினேன்.

"குடிக்காதம்மா! ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ லா. மணி அடிக்கிற வரைக்கும் விடாத."

மணி அடித்ததும் பையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே ஓடினேன். அப்பப்பா, என்ன வேகம் அது! நினைத்ததையெல்லாம் பேனா உடனே எழுதியது; ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக நின்றது. பேனாவைக் கீழே வைக்கச் சொன்னபோது நான் கடைசிப் புள்ளியை வைத்திருந்தேன்.

"பாய், முழுசா எழுதிட்டேன்!" என்று ரோட்டிலிருந்தே கத்தினேன்.

சிரித்துக்கொண்டே இன்னொரு சூடான பொட்டலத்தை நீட்டினார். "இது குடிக்கிறதுக்கு."

தேர்வுக்குப் போகும் பிள்ளைகளிடம் நன்றாகப் படித்தாயா என்று இப்போது நான் கேட்பதில்லை. கையைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.