அக்கா நடக்கும் வீட்டில் தவழும் பிள்ளை

என் அக்காவுக்குப் பார்வை கிடையாது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. தெங்கேராவில் ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை. காலையில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன், மாலையில் அழைத்து வருவேன். வெளியில் குச்சி இல்லாமல் ஓர் அடி வைக்க மாட்டாள். ரெம்பியாவில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்குள் நுழைந்ததும் குச்சியைக் கதவோரம் சாய்த்துவிட்டு, எங்களைவிட வேகமாக நடப்பாள். வீட்டில் எதுவும் இடம் மாறாது என்பதுதான் காரணம். உட்கார்ந்து எழுந்தவர் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட வேண்டும். செருப்பு வழியில் கிடக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி இதற்குக் கொஞ்சம் திணறினாள். பிறகு அவளே என்னை அதட்ட ஆரம்பித்தாள்.

எங்கள் மகள் வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று முட்டியை ஊன்றி விசிறியின் ஒயரை நோக்கிப் புறப்பட்டாள். சமையலறையிலிருந்த அக்கா கேட்டாள்.

“என்னா, பாப்பா தவழுறாளா?”

“உனக்கு எப்படிக்கா தெரிஞ்சது?”

“தரையில பட்டுபட்டுன்னு கை சத்தம் கேக்குதுலா.”

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு நானும் மனைவியும் வீட்டை ஒழுங்குபண்ணினோம். பிளக் ஓட்டைகளை மூடினோம். மேசை முனைகளில் ஸ்பாஞ்ச் ஒட்டினோம். கொசுவத்தித் தட்டு அலமாரி மேலே ஏறியது. டிவி பெட்டியைப் பிள்ளை பிடித்து இழுத்துவிடாமலிருக்க சோபாவைக் குறுக்கே நகர்த்தினோம். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மாலையில் வந்தவள் வழக்கமான வேகத்தில் நடந்து, சோபாவின் மரக்காலில் இடித்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது.

“சொல்லிட்டு நகத்துங்கடா” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டொரு நாள் கழித்துதான் அது நடந்தது. அக்கா தேநீர்க் கோப்பையோடு கூடத்துக்கு வந்தாள். பிள்ளை சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்து பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக் கத்துவதற்குள் அக்காவின் கால் அவள் விரல்கள் மேல் பட்டுவிட்டது. பிள்ளை அலறினாள். அக்கா கோப்பையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். சூடான தேநீர் முழுவதும் அவள் கையில் கொட்டியது.

“விரலை ஆட்டுறாளா பாரு! ஆட்டுறாளா?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆட்டினாள். லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அழுகையை மறந்துவிட்டாள். அக்காவின் மணிக்கட்டில்தான் கொப்புளம். குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு நின்றபடியே அக்கா சொன்னாள்.

“நிலையத்துக்கு மேல ஒரு ரூம் சும்மா கெடக்கு. நான் அங்க இருந்துக்கறேன் தம்பி. பாப்பா நடக்க ஆரம்பிச்சதும் வர்றேன்.”

மனைவிதான் பேசினாள்.

“நடக்க ஆரம்பிச்சா இன்னும் வேகமாத்தான் வருவா அண்ணி. அப்ப எங்க போவீங்க?”

மனைவி குழாயை மூடி, கையில் மருந்து தடவிவிட்டு, அவளைக் கூடத்துக்கு அழைத்து வந்தாள். “எத எங்க வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. உங்களுக்கும் இடிக்கக் கூடாது, அவளுக்கும் இடிக்கக் கூடாது.”

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டி போட்டுத் தரையில் இறங்கினாள். கொப்புளம் பட்ட கையைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் தடவித் தடவி நகர்ந்தாள். தன்னைப்போலவே ஒரு பெரிய ஆள் தவழ்வதைப் பார்த்த பிள்ளைக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கிறீச்சிட்டுக்கொண்டே பின்னால் துரத்தினாள். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு கொண்டை ஊசி, கொசுவத்தித் துண்டு, பொம்மைக்குள்ளிருந்து விழுந்த பொத்தான் பேட்டரி என ஒவ்வொன்றாய் எடுத்து மேலே நீட்டினாள். பேட்டரியைக் கையில் வாங்கிய மனைவி “இத முழுங்கியிருந்தா?” என்று பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள்.

சோபா பழைய இடத்துக்கே போனது. டிவி பெட்டியைச் சுவரோடு ஆணியடித்து இறுக்கினேன். சமையலறை வாசலுக்குக் கதவு போட்டோம். அக்காவே தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்து உயரம் சொன்னாள். சூடான எதையும் மேசையில் வைத்துத்தான் குடிப்பது என்று ஆயிற்று. பிள்ளை இருக்கும் இடம் அக்காவுக்குக் கேட்கட்டும் என்று மனைவி அலோர் காஜாவில் சலங்கைக் கொலுசு வாங்கி வந்தாள். பிள்ளை முதல் வேலையாக ஒரு மணியைக் கடித்து எடுக்கப் பார்க்க, அக்காவே அதைக் கழற்றச் சொல்லிவிட்டாள்.

அக்கா தன் நடையையும் மாற்றிக்கொண்டாள். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்ந்தாள். அறையை விட்டு வெளியே வரும்போதே “அத்தை வர்றேன், அத்தை வர்றேன்” என்று குரல் கொடுத்தாள். முதலில் பிள்ளை கண்டுகொள்ளவில்லை. பிறகு எங்கிருந்தாலும் “ஆ” என்று பதில் கொடுக்கப் பழகினாள். அந்தச் சத்தம் வரும்வரை அக்கா அடுத்த அடி வைக்க மாட்டாள். மேல்மாடி ரூம் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

இப்போது மகள் நடக்கிறாள். பிஸ்கட், பொம்மை என்று எது கிடைத்தாலும் எனக்கும் அவள் அம்மாவுக்கும் தூரத்திலிருந்தே நீட்டிக் காட்டுவாள். அக்காவிடம் மட்டும் அப்படிச் செய்வதில்லை. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுத்தான் நகர்கிறாள். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.