சரசா அக்கா காயப்போட்ட துண்டுகள்

சரசா பாய் அக்காவுடன் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் எங்கள் துறையில் இருக்கிறார்கள். இரண்டே ஆண்டுகள் பழகிய நான் முந்திக்கொண்டு எழுதுவதற்கு அவர்கள் மன்னிக்க வேண்டும்.

போன வாரம் மேலூர் பஸ் நிலையத்தில் திருவாதவூர் வண்டிக்காக நின்றபோது, துறை அலுவலகத்து முருகேசன் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, நம்ம லேப் சரசாக்கா போயிருச்சு. நெஞ்சு வலிக்குதுன்னுச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." வண்டி வந்தது. ஏறத் தோன்றவில்லை. அடுத்த வண்டியில்தான் வீட்டுக்குப் போனேன்.

அக்கா எங்கள் ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன். எம்.ஃபில். படிப்புக்கு நான் எடுத்துக்கொண்டது தசைச் சோர்வு. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளை, சோதனைக்கு வரும் மாணவர் தலையில் ஒன்று உச்சிக்குச் சற்றுப் பக்கத்தில், மற்றது நெற்றியில் என வைத்து, பேட்டரிப் பெட்டியிலிருந்து மிக மெல்லிய மின்சாரம் செலுத்துவோம். பிறகு ஒரு கைப்பிடியை, முடிந்தவரை விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்வோம். மின்சாரம் கொடுத்த நாளில் கை சோர்வது தள்ளிப்போகிறதா, ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் வேறுபாடு உண்டா என்பதுதான் கேள்வி.

வரும் மாணவிகளின் பயத்தைப் போக்குவது அக்காவின் வேலை. "இந்தக் கரண்டுல படிப்பு ஏறுமாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஏறும்னா மொதல்ல நான்ல மாட்டியிருப்பேன். உக்காருடி" என்றார்.

மின்சாரம் கொடுத்த நாளில் ஆண்கள் கூடுதல் நேரம் தாங்கினார்கள். பெண்களிடம் மாற்றமே இல்லை. தெளிவான முடிவு என்று மகிழ்ந்து எழுதத் தொடங்கினேன். சமர்ப்பிக்க ஒரு மாதம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு மத்தியானம் அக்கா என்னைப் பின்பக்கத் துணிக்கொடிக்கு அழைத்தார். சோதனை முடிந்தவர்கள் முகம் துடைக்கும் துண்டுகள் அவர் கையில் இருந்தன.

"இது பயலுக தொடச்சது. இது பிள்ளைக தொடச்சது. தொட்டுப் பாரு."

முதலாவது ஏறக்குறையக் காய்ந்திருந்தது. இரண்டாவதைப் பிழியலாம். எண்ணெய்க் கறை வேறு.

"பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இம்புட்டுத் தண்ணி?"

எனக்குக் காரணம் தெரியும். எண்ணெய் வைத்த அடர்ந்த கூந்தலில் பஞ்சு தோலைத் தொடாது. பெட்டியில் மின்சாரத்தைக் காட்டும் மீட்டரின் முள் ஏறாது. ஏறும்வரை நான் உப்புத் தண்ணீரை ஊற்றுவேன். அந்தத் தண்ணீர் முடி வழியே நெற்றிப் பஞ்சுவரை இறங்கியிருக்கிறது. மின்சாரம் தலைக்குள் போகாமல் ஈரத்தின் மேலேயே ஓடியிருக்க வேண்டும்.

"முள்ளு ஏறுச்சேக்கா" என்றேன்.

"முள்ளப் பாத்த. ஆளப் பாத்தியா?"

"யாருக்கும் தெரியாதுக்கா. ஒரு மாசந்தான் இருக்கு" என்று கெஞ்சினேன். இப்படிச் சொன்னதை இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அக்கா துண்டுகளைக் கொடியில் போட்டு முடித்தார். "பொம்பளை மண்டைக்குக் கரண்டு ஏறாதுன்னு எழுதிப்புட்டு, நீயும் நானும் இந்த மண்டையோடதான் திரியணும். சார்கிட்டச் சொல்லு. நானும் கூட வாரேன்."

வந்தார். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை கதவருகே நின்றார். என் ஆய்வு நெறியாளரான சார் கோபப்படவில்லை. ஆறு மாதம் நீட்டிப்பு வாங்கித் தந்து, பெண்களுக்கான சோதனையை மறுபடி செய்யச் சொன்னார்.

எண்ணெய் வைக்காமல், பின்னாமல் வாருங்கள் என்றால் வீடுகளில் சண்டை. "தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டா பஸ்ல போவ?" என்று அம்மாக்கள் கேட்டார்கள். அக்கா ஒரு டப்பாவில் சீயக்காய்த் தூள் கொண்டுவந்தார். பின்பக்கக் குழாயடியில் ஒவ்வொருத்திக்கும் தலை அலசி, மின்விசிறியின் கீழ் உலர்த்தி, வகிடு பிரித்து, அளவாக நனைத்த பஞ்சை வைத்தார். ஒத்திகைக்கு முதலில் குனிந்த தலை என்னுடையது. அலசிக்கொண்டே தன் வீட்டு சௌராஷ்டிர மொழியில் ஏதோ முணுமுணுத்தார். "என்னையத் திட்டுறீங்களாக்கா?" என்றேன். "உன் சிக்கைத் திட்டுறேன். ஆடாம நில்லு."

இந்த முறை பெண்களும் கூடுதல் நேரம் தாங்கினார்கள். சிலர் அதிகமாக, சிலர் பேருக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு உண்டா என்பதை இவ்வளவு குறைவான பேரை வைத்துச் சொல்ல முடியாது என்று எழுதினேன். ஆய்வேட்டில் நான் வெட்கமில்லாமல் படிக்கக்கூடிய வரி அது.

வெட்கப்படும் வரி நன்றிப் பக்கத்தில் இருக்கிறது. பைண்டிங் முடிந்து வந்ததும் அக்கா கேட்டார்: "இதுல என்னைய எங்க போட்டிருக்க?" ஊழியர் பெயரைத் தனியாகப் போடலாமா என்று சாரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, 'ஆய்வுக்கூடப் பணியாளர்களுக்கும்' என்று முடித்திருந்தேன். அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினேன். அக்கா அதை விரலால் ஒருமுறை தடவினார். "பணியாளர்னா நாந்தான. நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவைத்துவிட்டுப் பெட்டியைத் துடைக்கப் போனார்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். மீட்டரைப் படிப்பதற்கு முன் அதில் மாட்டியிருக்கும் பிள்ளையின் முகத்தையும் நெற்றியையும் பார்க்கிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது அது.

சாருக்கும் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள். அன்றே கேட்டிருக்க வேண்டியது. நூலகத்தில் இருக்கும் என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் சிறு தாள் ஒன்றை ஒட்ட அனுமதி தாருங்கள். தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். ஒரே வரிதான்: "இந்த ஆய்வின் முதல் முடிவு தவறு என்று கண்டுபிடித்தவர், எஸ். சரசா பாய்."