தறிக்கூடத்துப் பேச்சு

துவைத்துக் காய்ந்த போர்வையை அப்பாவும் மகளும் ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய இரண்டரை வயதுப் பொடியன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் அண்டா ஒன்று உருண்டு விழுந்தது. துள்ளியது அவள் மட்டும். மற்ற இருவரும் திரும்பவில்லை.

அப்பா திரும்பாததில் வியப்பில்லை. காலமெல்லாம் விசைத்தறிக் கூடத்தில் கிடந்தவர். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. நூல் அறுந்தால் இரண்டு விரலைப் பிரிப்பார்கள். மேஸ்திரி வந்தால் இல்லாத மீசையை முறுக்குவார்கள். காது மந்தமாகி வேலையை விட்ட பிறகும் வீட்டில் கை, புருவம், உதடு மூன்றாலும்தான் பேசினார்.

பொடியன் வாயிலிருந்து இன்னும் ஒரு சொல் வரவில்லை. அதற்கு வீட்டில் ஆளுக்கொரு கட்சி. "பல்லு மாதிரிதான், தானா முளைக்கும்" என்பான் அவள் கணவன். சொல்லச் சொல்லத்தான் படியும் என்று அவள் படங்களைக் காட்டித் தொண்டை வற்றக் கத்துவாள். அப்பா சிரிப்பார்.

"அது என்ன கிளியாம்மா? பேச ஆளும் ஆசையும் இருந்தா போதும். என்கூட நாள் பூரா பேசுறானே!"

உண்மைதான். அவர் கேட்டால் சொம்பு வரும், துண்டு வரும். காது கேட்காத பிள்ளை சொன்னதைச் செய்யுமா? அதை நம்பித்தான் அவள் தூங்கினாள். இயந்திரங்களைச் சோதித்துச் சான்று தருவது அவள் வேலை. பெற்ற பிள்ளையைச் சோதிக்க மனம் வந்ததில்லை.

இப்போது அவள் போர்வையின் முனையைக் கீழே விட்டாள். அப்பா முன்னால் வந்து, உதடு தெரியச் சொன்னாள்.

"அப்பா, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு அவன் முதுகுப் பக்கமா நின்னு கூப்பிடுங்க."

"கையைக் கட்டிட்டா நான் ஊமைல்ல கண்ணு?"

அவள் சிரிக்கவில்லை. அவர் கூப்பிட்டார். இன்னும் உரக்கக் கூப்பிட்டார். பொடியன் அடுத்த கட்டையை ஏற்றினான்.

அப்பாவின் முகம் வெளிறியது. "அப்போ இத்தனை நாளா என் கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தானா?"

பிறகு, "காது டாக்டர்கிட்ட நாளைக்கு நானே தூக்கிட்டுப் போறேன். நீ வராதே, தாங்க மாட்டே" என்றார்.

"அவர் சொல்றது உங்களுக்குக் கேக்கணுமே?"

"அவருக்கு உதடு இல்லையா?"

விடிந்தபோது அப்பா எழவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று பொடியன் கையை ஆட்டிக் கேட்டான். என்ன கேட்கிறான் என்று யாருக்கும் விளங்கவில்லை, அவளுக்கும். அவன் கை மெல்ல மெல்லத் தாழ்ந்தது.

காது டாக்டரிடம் அவனை இன்னும் யாரும் தூக்கிப் போகவில்லை.