கனாயேயின் காலும் அகலப் பலகையும்

கனாயே விழுவதென்றால் ஒரே இடத்தில்தான் விழுவாள். மூன்றாம் சரிவில், வேலி வளைந்து திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே. பனிச்சறுக்குப் பலகையில் குறுக்காக நின்று இறங்குகிறவள், குதிகால் பக்கம் சாயும் திருப்பத்தை யாரும் குறை சொல்ல முடியாதபடி முடிப்பாள். அடுத்து விரல் பக்கம் பலகையைச் சாய்ப்பாள். பலகை ஒற்றை விளிம்பில் நிற்கும், உடம்பு கை நீட்டினால் பனியைத் தொடும் அளவுக்குத் தாழும், கீழே நிற்பவர்கள் "ஆகா" என்று வாயெடுப்பதற்குள் பலகை அவளைக் கைவிட்டுவிடும். வயிறு தேயச் சறுக்கிக்கொண்டே வந்து நிற்பாள். ஆறு குளிர்காலமாக இதே கதை.

எங்கள் மலைக்கு வருகிறவர்களில் ஒரு கூட்டம் உண்டு. எந்திரம் இரவெல்லாம் ஓடிச் சரிவைத் தலைவாரிவிட்டது போல வைத்திருக்கும். அதன் மேல் வேறு யாரும் கால் வைப்பதற்கு முன்னால், கம்பியில் தொங்கி மேலே போகும் முதல் லிஃப்டில் ஏறிப் போய், மெல்லிய ஆழமான கோடுகள் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். பனி கொட்டிய மறுநாள் கோட்டை மறந்துவிட்டுத் தூள்பனிக்காக மரங்களுக்குள் புகுந்துவிடுவார்கள். கனாயே இந்தக் கூட்டத்துக்காரி. வாரநாட்களில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஆளுயர அண்டாக்களைக் கிளறுவாள். நாற்பத்தாறு வயது. அவள் உலகத்தில் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அந்த விரல் பக்கத் திருப்பத்தை ஒரே ஒரு தடவையாவது அறுபடாமல் கீழே வரைக்கும் கொண்டு வந்து சேர்க்க வேண்டும்.

தபாலாபீஸ் ஷிகேமி அவளுக்குச் சின்ன வயதுத் தோழி. வாய் சும்மா இருக்காது.

"ஏன்டி கனாயே, ஊராட்சியில பனி வழிக்க ஆள் கேக்குறாங்களாம். மெஷின்கூட வேணாம், உன் வயிறே போதும்னு சொல்லிட்டு வரவா?"

"போடி."

"முட்டிய மடக்குடி. எத்தன தடவ சொல்றது? கட்டை மாதிரி நிக்கிற."

எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். முட்டியை மடக்கு, இடுப்பை உள்ளே தள்ளு, கண்ணைத் திருப்பத்தின் முடிவில் வை. கனாயே குழம்பு அண்டாவுக்கு முன்னால் நின்று முட்டியை மடக்கி மடக்கிப் பழகினாள். பலகைதான் சரியில்லையோ என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ஷிகேமி விட்டுவிடுவாளா? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற கதையாகிவிட்டது. அதற்குப் பிறகு கனாயே பலகையைப் பற்றிப் பேசவில்லை. தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

மார்ச் மாதத்து ஒரு காலையில், மலையடிவாரத்தில் பலகைக் கடை வைத்திருக்கும் ஒனோதேரா, அவள் விழுந்த இடத்துக்கே ஏறி வந்து குந்தி உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனிதர். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் பனியைத் தடவினார்.

"கனாயே சான், இங்க பாருங்க. இது பலகை விளிம்பு போட்ட கோடு. பக்கத்துலயே சுரண்டின மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, இது உங்க பூட்ஸ் மூக்கு. பலகையத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. நல்லா சாயுறப்ப அது பனியில இடிக்குது. இடிச்சதும் விளிம்பு பிடிய விட்டுடுது. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. பலகைதான் ஒல்லி."

ஆறு வருஷத்துப் பாரம் இறங்கியது. கனாயேக்கு அழுகையே வந்தது. ஆனால் இறங்கிய பாரத்தின் இடத்தில் உடனே வேறொன்று ஏறி உட்கார்ந்தது. பலகை ஒல்லி என்றால், அடுத்து யாராவது அவள் காலைப் பற்றிக் கேட்பார்களே!

கனாயேயின் கால் இருபத்தெட்டரை சென்டிமீட்டர். இங்கே பெண்களுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று இருக்கும். ஆண்களிலேயே அவள் அளவுக்குக் கால் உள்ளவர்கள் குறைச்சல். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குள் போடும் வெள்ளைச் செருப்பில் பெண்பிள்ளைகளுக்குச் சிவப்புக் கோடு, பையன்களுக்கு நீலக் கோடு. ஆறாம் வகுப்பில் சிவப்புக் கோட்டில் அவளுக்கு அளவு தீர்ந்துபோய், நீலக் கோட்டில் நடந்தாள். மடையனுக்குத்தான் கால் பெரிசு என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழமொழி வேறு இருக்கிறது. அதை யார் சொன்னாலும் வகுப்பு முழுக்க அவளைத்தான் திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து காலை ஒளித்தே வாழ்ந்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்றிய செருப்பை மற்றவர்களுடையதற்குப் பின்னால் தள்ளி வைப்பாள். பனிப்பலகைக்கான பூட்ஸை ஒனோதேராவிடம் வாங்காமல் சப்போரோ நகரத்திலிருந்து தபாலில் வரவழைத்து, அளவு அச்சிட்ட இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டினாள். தபாலென்றால் ஷிகேமி கையில்தானே வரும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு இப்படித்தான், சோறு மட்டும்தான் கண்ணில் படும்.

ஏப்ரலில் ஒனோதேரா கடையில் அடுத்த குளிர்காலத்துக்கான பலகை ஆர்டர் எடுப்பார்கள். பக்கத்து ஊரில் ஒருவர் சொந்தக் கொட்டகையில் வருஷத்துக்குக் கொஞ்சம் பலகைகள் செய்கிறார். இப்போது சொன்னால் நவம்பரில் வரும். தவறவிட்டால் இன்னொரு வருஷம். ஷிகேமியையும் கூட்டிக்கொண்டு கனாயே கடைக்குப் போனாள். வாசலில் ஒனோதேரா வழக்கம் போல உள்ளே போடும் செருப்புகளை எடுத்து வைத்தார். மற்ற இடங்களில் குதிகால் பாதி வெளியே தொங்கும். இந்தக் கடைச் செருப்பு மட்டும் காலுக்கு அடக்கமாக இருக்கும். அதனாலேயே இந்தக் கடை அவளுக்குப் பிடிக்கும்.

"அகலமா எடுத்துடலாம்ல? ரொம்ப அகலமா?" என்று கேட்டாள் கனாயே. எண் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்ற நப்பாசை.

"அது ஆகாதுங்க. தூள்பனியில அகலம் எவ்வளவு இருந்தாலும் நல்லதுதான், மிதக்கும். ஆனா வாரின சரிவுல, காலுக்கு மீறின அகலம்னா பலகை சோம்பேறி ஆயிடும். ஒரு விளிம்புல இருந்து இன்னொரு விளிம்புக்குப் புரட்டவே உங்க முட்டி போயிடும். கம்மியா இருந்தா பழைய கதை. ரெண்டுக்கும் ஒரே பலகை வேணும்னா, காலளவுதான் தீர்ப்பு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலளவு எவ்வளவுங்க?"

ஷிகேமி பக்கத்தில் நின்று கையுறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கனாயேயின் வாய்வரைக்கும் உண்மை வந்தது. வந்த இடத்தில் நின்றது.

"இருபத்தேழு," என்றாள்.

பெண்ணுக்கு இருபத்தேழு என்பதே பெரிசுதான். அதைச் சொல்லவே அவளுக்குக் காது சிவந்துவிட்டது. இவ்வளவு வெட்கப்பட்டுச் சொன்னது பொய்யாக இருக்காது என்று அவளே பாதி நம்பினாள்.

ஒனோதேராவின் கண் அவள் செருப்பு வரைக்கும் போய் வந்தது. "இருபத்தேழு. சரிங்க," என்று தலை வணங்கினார்.

கோடை முழுக்க அந்த ஒன்றரை சென்டிமீட்டர் அவள் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. போன் போட்டுச் சொல்லிவிடலாம். என்னவென்று சொல்வது? கால் வளர்ந்துவிட்டது என்றா?

நவம்பரில் பலகை வந்தது. கருநீலம், முன்பக்கம் அகன்று மழுங்கிய மூக்கு. பழையதைவிட நல்ல அகலமாகத்தான் இருந்தது. டிசம்பரில் அதை முதன்முதலாகக் கட்டிக்கொண்ட அன்று விடாமல் பனி கொட்டியிருந்தது. முழங்கால் ஆழத் தூள்பனி. பலகை மூழ்காமல் மிதந்தது. அதில் எது இடிக்கும், எது உரசும்? பூட்ஸ் பனிக்குள்ளே புதைந்து யார் கண்ணுக்கும் தெரியாமல் வந்தது. வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்களுக்கு நடுவே கனாயே கூவிக்கொண்டே இறங்கினாள். ஆறு வருஷத்தில் அவள் கூவி யாரும் கேட்டதில்லை.

"பலகை எப்படிங்க?" என்று கீழே நின்ற ஒனோதேரா கேட்டார்.

"மேகம் மாதிரி இருக்குங்க!"

அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது. கனாயே அதைக் கவனிக்கவில்லை. பொய் செரித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்தாள்.

மறுவாரம் வானம் வெளுத்தது. சரிவு இறுகி, வாரிவிட்டுக் கிடந்தது. முதல் லிஃப்டில் போனார்கள். ஷிகேமியும் ஒனோதேராவும் இன்னும் நாலைந்து பேரும் முன்னால் இறங்கி, மூன்றாம் சரிவின் அடியில் நின்று மேலே பார்த்தார்கள். கனாயே கிளம்பினாள். குதிகால் பக்கத் திருப்பம் எப்போதும் போல அழகு. வேலி வளைவைத் தாண்டி விரல் பக்கம் சாய்ந்தாள். பழைய பலகை கைவிடும் இடத்தையும் தாண்டிப் பிடி நின்றது. இன்னும் தாழ்ந்தாள். கை பனியைத் தொட்டது. இதோ, இதோ என்று மனசு குதித்தது. அப்போது காலுக்கடியில் அந்தப் பழகிய சுரண்டல் கேட்டது. அடுத்த கணம் வயிறு தேயச் சறுக்கிக்கொண்டு வந்து அவர்கள் காலடியில் நின்றாள்.

ஷிகேமி எதுவும் சொல்லவில்லை. வயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை, ஊராட்சியைப் பற்றிச் சொல்லவில்லை. அதுதான் கனாயேயைக் கொன்றது.

ஒனோதேரா தொப்பியைக் கழற்றிவிட்டு இடுப்பு வரை குனிந்தார். "மன்னிக்கணும். என் தப்பு."

"இல்லீங்க, என்னோட தப்பு."

"அப்படிச் சொல்லாதீங்க. என்னோடதுதான்."

"நெஜமாவே என்னோடதுங்க!" கனாயேயின் குரல் உடைந்தது. "சத்தியமா என்னோடது!"

சுற்றி நின்றவர்கள் மெச்சுகிற மாதிரித் தலையை ஆட்டினார்கள். என்ன தங்கமான மனசு இந்தப் பெண்ணுக்கு! எங்கள் ஊரில் தப்பு யாருடையதானாலும் இரண்டு பேரும் தன்னுடையது என்றுதான் சொல்வார்கள். அதனால் உண்மையிலேயே தப்புச் செய்தவள் ஒப்புக்கொள்ள வேறு வார்த்தையே மிச்சம் இல்லை. கனாயே கத்திப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். மரியாதை என்ற ஒரே கணக்கில் எல்லாம் சேர்ந்துவிட்டது.

கடைக்கு வந்தார்கள். ஒனோதேரா செருப்புகளை எடுத்து வைத்தார். ஷிகேமி காலில் மாட்டியது நீலம், சின்னது. அலமாரியில் இருந்தவை எல்லாம் அதே நீலம், அதே சின்னது. தன் முன்னால் இருந்த ஜோடியைக் கனாயே முதல் தடவையாகப் பார்த்தாள். பழுப்புத் தோல், ஆண்களுடையது. அப்படி ஒன்று அங்கே வேறு இல்லை.

"இந்தச் செருப்பு..."

"உங்களுக்காக வாங்கினதுங்க," என்றார் ஒனோதேரா, தரையைப் பார்த்துக்கொண்டே. "நீங்க முதல் தடவ வந்தப்போ குதிகால் வெளிய இருந்துச்சு."

"அப்ப... தெரியுமா?"

"இருபத்தேழு இல்லன்னு தெரியும். நீங்க அப்படிச் சொன்ன பிற்பாடு நான் எப்படிங்க இல்லன்னு சொல்றது? அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன்."

கனாயே ஷிகேமியைப் பார்த்தாள்.

"என்னை ஏன்டி பாக்குற? உன் பூட்ஸ் பெட்டியக் கொண்டாந்து குடுத்தவளே நான்தான். பெட்டி மேல எண் போட்டிருந்துச்சு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஊருக்கே தெரியும்."

ஆறாம் வகுப்பிலிருந்து ஒளித்தது. எத்தனை வாசல்களில் செருப்பைப் பின்னால் தள்ளியிருப்பாள்! அத்தனை வாசலிலும் பார்த்தவர்கள் பார்க்காதது போல இருந்திருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்களாக இருந்தே அவளைப் பனியில் தேய விட்டிருக்கிறார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க இந்தப் பலகையோடுதான் அந்த இடத்தில் விழ வேண்டும். விழும்போது ஏன் விழுகிறாள் என்று கீழே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும்.

ஒனோதேரா தேநீர் ஊற்றி வைத்தார். அரிசி பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

"ஏப்ரல்ல மறுபடியும் ஆர்டர் குடுத்துடலாம். அவர்கிட்ட இப்பவே சொல்லி வச்சிடுறேன். இந்தத் தடவ நேராவே கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. காலளவு எவ்வளவுங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? பூசணிக்காய் இலை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கனாயே வாயைத் திறந்தாள். பழுப்புச் செருப்புக்குள் அவள் விரல்கள் தாமாகவே அரை சென்டிமீட்டர் மடங்கிக்கொண்டன.

"இருபத்தெட்டு," என்றாள்.

ஷிகேமி ஏதோ சொல்லப் போனாள். பிறகு ஒரு பிஸ்கட்டைப் போட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஒனோதேராவின் கண் பழுப்புச் செருப்பு வரைக்கும் போய் வந்தது.

"இருபத்தெட்டு," என்று தலை வணங்கினார். "சரிங்க."